அண்ணி கலக்கிய நீலம்

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுகிறார்கள், "இன்னாம்மா இது, எல்லாச் செவுரும் ஒரே கலரு?" என்று. ஹால் நீலம். இரண்டு அறையும் நீலம். சமையலறை, சாமி அலமாரியின் உள்பக்கம், குளியலறைக்குப் போகிற சந்து, மாடிப்படிக் கைப்பிடிச் சுவர், மோட்டார் ரூம், எல்லாமே நீலம். பளிச்சென்ற நீலம்கூட இல்லை. பல தடவை துவைத்து வெயிலில் உலர்ந்த நீல லுங்கியின் நிறம். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா எட்டிப் பார்த்து, "இல்லந்தா ஒக்கட்டே ரங்கா?" என்று மோவாயில் கை வைத்துக்கொண்டார். ஆமாம், வீடு முழுக்க ஒரே நிறம்தான், அதற்கு என்ன இப்போது? நான் ஆசைப்பட்டது ஹாலுக்கு மட்டும். மிச்சமெல்லாம் என் நாத்தனார் செய்த வேலை.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் கூப்பிடுவது அண்ணி என்று. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனை இழந்து, பிறந்த ஊரான நகரிக்குத் திரும்பி வந்தவர். அடுத்தடுத்து பெற்றோரும் போய்விட, தம்பியைத் தானே வளர்த்து, படிக்க வைத்து, பெண் பார்த்துக் கட்டியும் வைத்தார். கட்டி வைத்த பெண் நான். நகரியில் ஒரு சாயப்பட்டறையில் அண்ணிக்கு வேலை. பவர்லூம்காரர்கள் கொண்டுவந்து போடும் நூலுக்குச் சாயம் ஏற்றிக் காயப்போடுகிற இடம் அது. அண்ணி நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் சொன்னதுதான். முதலாளியே மறுபேச்சுப் பேச மாட்டார்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய் அண்ணிக்கு. நான் புதுப் பெண்ணாக நகரிக்குப் போன முதல் வாரத்திலேயே என் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "இன்னாமே, சாம்பாருல உப்புப் போட்டியா, உப்புல சாம்பார ஊத்துனியா?" என்றார். எதற்கெடுத்தாலும் இப்படி 'மே' போட்டுத்தான் என்னை அதட்டுவார். பெருக்கினால் மூலையில் குப்பை இருக்கிறது என்பார். மூலையைப் பெருக்கினால் நடுவில் இருக்கிறது என்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை, எனக்கும் மூக்கின் மேல்தான் கோபம். இரண்டு பேரும் கத்துகிற கத்தலில் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். அதே அண்ணி மத்தியானம் என்னை முன்னால் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார், திட்டிக்கொண்டேதான். தாயில்லாமல் சித்தூரில் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவள் நான். என்னை உரிமையோடு திட்ட அதுவரை ஆள் கிடையாது. அந்தத் திட்டு எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

என் வீட்டுக்காரருக்குத் திருப்பதியில் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டோக்கன் கொடுக்கிற வேலை. திருச்சானூர் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்திருந்தோம். அந்தச் சமயத்தில்தான் அண்ணி பட்டறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். முட்டி வீங்கிவிட்டது. இனிமேல் நாளெல்லாம் நின்றுகொண்டு வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நாங்கள் காரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்தோம். "பத்து நாளு இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டேதான் காரில் ஏறினார். நகரியில் அவர் இருந்த வாடகைப் போர்ஷனைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பத்து நாள் இரண்டு மாதம் ஆயிற்று. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தது நகரி அண்ணியே இல்லை. யாரோ ஒரு விருந்தாளி. "அம்மாடி, ஃபேன் போட்டுக்கலாமா?" "அம்மாடி, டிவி பாக்கலாமா?" "இந்தத் தட்டுல துன்னட்டுமா, இல்ல இது உங்களுதா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டுமென்றே ஒரு நாள் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு, "நல்லா கீதும்மா" என்றாரே பார்க்கணும்! நான் சமையலறைக்குள் போய் அழுதேன். தம்பி வீட்டுக்கு அக்கா வந்து தங்கக் கூடாதா, இதென்ன அநியாயம்? கேட்டால், "தம்பி சம்பாதிச்சது, நீ சம்பாதிச்சது. நான் எந்த உரிமையில வாயத் தொறக்கறது?" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம்.

நகரி வீட்டுக்காரம்மா வேறு போன் மேல் போன். பூட்டிய வீட்டைச் சும்மா வைத்திருக்க முடியாது, யாரோ கேட்கிறார்கள், வருகிறாயா காலி செய்கிறாயா, மாதக் கடைசிக்குள் சொல் என்று. "வந்துர்றேன், வந்துர்றேன்" என்பார் அண்ணி. அங்கே போனால் மறுபடி ஈரத் தரையில் போய் நிற்பார், எங்களுக்குத் தெரியாதா? முட்டி நிரந்தரமாகப் போய்விடும். இங்கே இருந்தாலோ வாய் போய்விடும் போல இருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுவார்.

இந்தக் கவலைக்கு நடுவில்தான் பெயிண்ட் வேலை வந்தது. வீட்டை எங்களுக்கு விற்றவர் ஹாலுக்குக் கிளிப்பச்சை அடித்து வைத்திருந்தார். நாளெல்லாம் டோக்கனுக்குச் சண்டை போடுகிற ஜனத்தைப் பார்த்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், அந்தப் பச்சையும் நம்மோடு சண்டைக்கு நிற்கும். பலமனேர்ப் பக்கத்து பெயிண்டர் ஒருவர் கிடைத்தார். தெலுங்குக்காரர், தமிழ் புரியும். பச்சையைச் சுரண்டிப் பட்டி பார்த்து வெள்ளை பிரைமர் அடித்துவிட்டு, என்ன கலர் என்று கேட்டார். கடைக்காரன் கொடுத்த அட்டையில் நூறு நீலம் இருந்தும் ஒன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. மாடிக் கொடியில் என் வீட்டுக்காரரின் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. "இதோ, இந்தக் கலர்" என்று உருவிக் கொடுத்தேன்.

"கட்டிக்க வேற லுங்கி கீதா, இல்ல நானும் செவுத்தோட நிக்கறதா?" என்றார் என் வீட்டுக்காரர். அண்ணிகூட லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டோம். பெயிண்டர் கடையில் கலர் கலக்குகிற மெஷினை நம்பாதவர். வெள்ளை எமல்ஷன் பெயிண்டை வாங்கி, ஸ்டெயினர் என்கிற சாயக் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுத் தானே கலக்குவார். பெரிய டிரம் நிறையக் கலக்கி வைத்துவிட்டு சாப்பிடப் போனார். வீட்டில் அண்ணி மட்டும். டிரம்முக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். கலவை லுங்கியைவிட வெளுப்பாக இருந்திருக்கிறது.

இங்கேதான் வந்தது வினை. சாயப்பட்டறைக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நூல் ஈரமாக இருக்கும்போது நிறம் கருப்பாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். அதனால் சாயம் போடும்போதே ஒரு பிடி தூக்கலாகப் போடுவார்கள். அண்ணி வாழ்நாளெல்லாம் அப்படித்தான் போட்டார். சுண்ணாம்புச் சுவரும் அப்படித்தான், காய்ந்தால் வெளுக்கும். ஆனால் இந்த எமல்ஷன் நேர் எதிர். ஈரத்தில் பால் மாதிரி இருக்கும், காய்ந்தால்தான் கருக்கும். அது தெரிந்துதான் பெயிண்டர் வெளுப்பாகக் கலக்கியிருந்தார். அண்ணிக்கு அது எங்கே தெரியும்? ஈரத்திலேயே இவ்வளவு வெளுப்பு என்றால் காய்ந்தபின் என்ன மிஞ்சும், என் தம்பி பொண்டாட்டி ஆசைப்பட்ட கலரைக் கெடுக்கிறானே படுபாவி என்று நினைத்திருக்கிறார். நீலக் குப்பியைத் திறந்து ஊற்று ஊற்று என்று ஊற்றி, துடுப்பால் பட்டறைக் கணக்கில் கலக்கிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் யாரையும் கேட்காமல் செய்த முதல் காரியம் அது.

சாப்பிட்டு வந்த பெயிண்டர் பதறி, "ஆரிதே முதுருதுந்தம்மா" என்றிருக்கிறார். காய்ந்தால் கருக்கும் அம்மா என்று அர்த்தம். "எனக்குச் சாயம் சொல்லிக் குடுக்குறியா? அடிப்பா நீ!" என்று அண்ணி பழைய குரலில் அதட்டியிருக்கிறார். அந்த மனுஷனும் நமக்கென்ன என்று ஹால் முழுக்க அடித்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் நான் கதவைத் திறந்தேன். "ஐயையோ!" என்று கத்தியேவிட்டேன். நான்கு சுவரும் மை. பேனா மை! "இது இன்னா வீடா, மைக்கூடா? எந்த வேலைக்கும் ஆகாத எவன் செஞ்ச வேலை இது?" பெயிண்டரை நினைத்து இன்னும் என்னென்னவோ சொன்னேன். பின்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தார். கையில் நீலக் கறை.

"அவன் இல்லம்மா. நான்தான்" என்றார்.

பரவாயில்லை அண்ணி, நல்லாத்தான் இருக்கு என்று உளறினேன். அந்தச் சுவரை நல்லா இருக்கு என்று குருடர்கூடச் சொல்ல மாட்டார். அண்ணி உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சாப்பிட வரவில்லை.

காலையில் குளித்துப் புடவை மாற்றி, பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலில் நின்றார். புத்தூர் வழியாகப் போகிற நகரி பஸ்ஸுக்கு. "கேக்காம கை வெச்சது என் தப்பு. அடுத்தவங்க வூட்டுல அப்படிச் செய்யலாமா? நான் போறேன்டா தம்பி" என்றார். என் வீட்டுக்காரர் அவர் காலடியில் உட்கார்ந்து பையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தனை பெரிய மனுஷன், பஸ் இன்ஜினைத் தூக்குகிறவர், சின்னப் பிள்ளை மாதிரி, "அக்கா போவாதக்கா, போவாதக்கா" என்று. அதற்கும் அண்ணி மசியவில்லை. தம்பியின் தலையைத் தடவிவிட்டுப் பையை இழுத்தார்.

அடுத்தவங்க வூடாமே! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. வாசல் கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்துக்கொண்டேன். "போறதுன்னா போங்க. யாரு வாணாம்னது? ஆனா இந்தச் செவுர யாரு பாக்கறது? நீங்க போட்ட சாயம், நீங்களே எறக்கிட்டுப் போங்க. நாசம் பண்ணி வெச்சிட்டு நைஸா பஸ் ஏறிடலாம்னு பாக்கறீங்களா?"

என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் சிவந்தது. சாயத்தில் குற்றம் சொன்னால் அவருக்குத் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

"சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன். அப்பால ஒரு வார்த்த பேசப்படாது நீ" என்று பையைத் தரையில் வைத்தார்.

அன்றைக்கு நான் வேலைக்கு லீவு சொன்னேன். பெயிண்டரைக் கூப்பிட்டோம். பாதி டிரம் மை நீலம் மிச்சம் இருந்தது. வெள்ளையை ஊற்றினோம், ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டு நீலம் வந்தது. பெயிண்டர் கருப்புக் குப்பியை எடுத்தார். "கருப்பு வாணாம், அழுக்கா பூடும்" என்று தடுத்த அண்ணி ஆரஞ்சுக் குப்பியைக் கேட்டார். நீலத்துக்கு ஆரஞ்சா என்று பெயிண்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். எடுப்பாகத் தெரிகிற நீலத்தை மட்டுப்படுத்தணும் என்றால் பட்டறையில் சொட்டு ஆரஞ்சுதான் விடுவார்களாம். விட்டார். கலக்கினார். இந்த முறை கண்ணை நம்பவில்லை. பழைய அட்டை ஒன்றில் தீற்றி, மொட்டை மாடிக்கு என்னை அனுப்பினார். திருப்பதி வெயிலுக்கு ஒரு நிமிஷம் போதும். காய்ந்ததும் லுங்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், கீழே வந்து சொல்ல வேண்டும். மறுபடி வெள்ளை, மறுபடி சொட்டு ஆரஞ்சு, மறுபடி நான் மாடிக்கு. முட்டிவலி அவருக்கு, மூச்சு வாங்கியது எனக்கு. மத்தியானத்துக்கு மேல் ஒரு அட்டையை வைத்துப் பார்த்தேன், லுங்கி எது அட்டை எது என்று கண்ணால் பிரித்தறிய முடியவில்லை. மாடியிலிருந்தே "அண்ணி!" என்று கூவினேன்.

ஆனால் ஒன்று. மையை வெளுக்க வைக்க ஊற்றிய வெள்ளைக்கு அளவே இல்லாமல் போயிருந்தது. டிரம் நிரம்பி, வாளி நிரம்பி, குளியலறை பக்கெட், துணி ஊறவைக்கிற அன்னக்கூடை, எல்லாம் நீலம். ஹாலுக்கு அடித்துக் கால்வாசிகூடக் குறையவில்லை. "கீழ ஊத்தறதா? மனசு வருமா?" என்றார் அண்ணி. அப்படித்தான் பெரிய அறைக்குப் போனது நீலம். பிறகு அண்ணி படுக்கிற அறைக்கு. பிறகு சமையலறைக்கு. என் வீட்டுக்காரர் டிப்போவிலிருந்து வந்து ஒவ்வொரு நாளும் ஒரு சுவர் நீலமாக மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னையும் ஒரு கோட்டு அடிச்சிருங்க, அடையாளம் தெரியாம ஒரு ஓரமா இருந்துக்கறேன்" என்றார்.

நகரியிலிருந்து போன் வரும். "இன்னும் சமையல் ரூம் பாக்கி கீது. முடிச்சிட்டு வந்துர்றேன்" என்பார் அண்ணி. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. சுவர் இருக்கிற வரைக்கும் அண்ணி இருப்பார்! மறுநாளிலிருந்து நான் சுவர் தேட ஆரம்பித்தேன். சாமி அலமாரிக்குள் அடிக்கலாமே என்றேன். சந்து அசிங்கமாக இருக்கிறதே என்றேன். மோட்டார் ரூம் என்ன பாவம் செய்தது என்றேன். பெயிண்டரைத் தெருமுனையில் பிடித்து, "நாளைக்கு வராதீங்க, ஜுரம்னு சொல்லிடுங்க" என்றேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வையை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். வேலையைச் சீக்கிரம் முடி என்று கெஞ்சுகிற வீட்டுக்காரிகளைத்தான் அவர் பார்த்திருப்பார்.

எத்தனை நாள் இழுக்க முடியும்? மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிக் கைப்பிடிச் சுவரோடு நீலம் தீர்ந்தது. அன்னக்கூடையை வழித்துப் பார்த்தேன், ஒரு தீற்றல்கூட இல்லை. அண்ணி பிரஷ்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "சரியா வந்துக்கீது" என்றார். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அண்ணி நாளைக்குப் போகிறேன் என்று சொல்லப் போகிற அந்த வார்த்தைக்குக் காத்துக்கொண்டு, ராத்திரிச் சோற்றை மூன்று பேரும் சாப்பிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

காலையில் மனசு சரியில்லாமல், ஏதாவது வேலை செய்வோம் என்று, மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரை மாட்டப் போனேன். ஸ்டூலைப் போட்டு ஏறி ஹால் சுவரில் ஆணியை வைத்துச் சுத்தியலால் இரண்டு போட்டேன். பொலபொலவென்று நீலம் உதிர்ந்தது.

"யார கேட்டுமே ஆணி அடிக்கிற?"

சமையலறையிலிருந்து வந்த சத்தத்தில் சுத்தியல் கைநழுவியது. அண்ணி கரண்டியோடு முட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். "கண்ணு இன்னா பொடனியிலா கீது? நெஞ்சு வலிக்க வலிக்கக் கலக்கி அடிச்ச செவுரு, நீ பாட்டுக்கு ஓட்ட போடறியே! காலண்டரு மாட்டலன்னா உனக்குத் தேதி தெரியாதா? போன வெச்சிக்கினு தானே சுத்திக்கினு கீற? எறங்குமே கீழ!"

இறங்கினேன். நேராகப் பின்பக்கம் ஓடினேன். என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "திட்டிட்டாங்க!" என்றேன்.

"யாரு?" என்றார், வாய் நிறைய நுரையோடு.

"உங்க அக்கா! என்னை! மே போட்டு!"

அவர் கொப்பளிக்கக்கூட இல்லை. நுரை வழிய வழிய என் பின்னால் வந்து கதவோரம் நின்றார். உள்ளே திட்டு நிற்கவே இல்லை. உதிர்ந்ததைப் பெருக்கிக்கொண்டே திட்டினார். மூலையில் நான் குப்பையை விட்டிருந்ததையும் சேர்த்துத் திட்டினார். அன்றைக்கு நான் உப்பை அள்ளிப் போட்ட குழம்பு கரித்ததற்கும் அப்போதுதான் திட்டினார். நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அந்த நேரம் பார்த்து நகரிப் போன் அடித்தது. கோபத்தோடே எடுத்தார் அண்ணி.

"வேற யாருக்காச்சும் வுட்டுரும்மா அந்த வூட்ட. எனக்கு இங்க என் வூட்டுல தலைக்கு மேல வேலை கெடக்குது. செத்த கண்ண மூடினா போதும், செவுத்துல ஆணி அடிக்கிறாளுங்க."